முட்டை வேகறதுக்குள்ள

"அடுத்து நீங்கதான், லைன்லயே இருங்க"ங்கறான் காதுல, அவன் சொல்லிகினே இருக்கான், நானும் அடுத்ததாவே நின்னுகினு இருக்கேன், பழைய பஸ் ஸ்டாண்ட் கூட்ரோட்டுல, உச்சி வெயில்ல, ஒரு கையில மைக்கு, ஒரு கையில முட்டை. வெள்ளை முட்டைதான் வேணுமாம், நாட்டுக்கோழி முட்டை ஸ்கிரீன்ல அழுக்கா தெரியுதாம், அது டெஸ்க்கோட உத்தரவு. டெஸ்க்குன்னா ஜெரால்டு. மெட்ராஸ்ல ஏசி ரூம்ல ஒக்காந்துகினு, தமிழ்நாடு பூரா வெயில்ல நிக்கிற ரிப்போர்ட்டருங்கள ஒவ்வொருத்தனா இழுத்து டிவிக்குள்ள உடறது அவன் வேலை. அந்தக் குளுருல அவனுக்கு சளி புடிச்சிகிச்சு. இங்க எனக்கு மூளை உருகுது, அங்க அவன் தும்முறான், ஒரே ஒயரு, ரெண்டு சீசன். அந்த மூக்கடைச்ச கொரல்ல இப்ப சொன்னாலும் பேசிடுவேன், "ஏகாப்பரம், புட்டை ரெடியா?" தொழிலு ரிப்போர்ட்டர், வியாதி மிமிக்ரி. கலெக்டர், கவுன்சிலர், மழை வரும்னு சொல்ற ஆபீசர், மழை ஏன் வரலன்னு சொல்ற அதே ஆபீசர், எல்லாரும் என் தொண்டையிலதான் குடியிருக்காங்க. கொரலு எவனுக்கு வேணா வரும். எங்க நிறுத்தறதுங்கறதுலதான் வித்தை இருக்குது. கலெக்டர் "நடவடிக்கை எடுக்கப்படும்"னு சொல்லிட்டு தண்ணி டம்ளர எடுப்பாரு பாரு, அந்த இடைவெளி, அத புடிக்கணும், அத புடிச்சா கொரலே தேவையில்ல, கூட்டம் சிரிச்சிரும். அந்த விஷயத்துல இந்த ஜில்லாவுல என்னை அடிச்சிக்க ஆளில்ல, இத நானே சொல்லிக்கக் கூடாதுதான், வேற எவன் சொல்றான், அதனால நானே சொல்லிக்கிறேன்.

முட்டைக்கு வருவோம், முட்டை கையில வேர்க்குது, இல்ல, என் கைதான் வேர்க்குது, முட்டை கம்முனு இருக்குது. கத்திரி வெயில் பொறந்தா ரோட்டுல முட்டைய உடைச்சி ஆம்லெட் போட்டுக் காட்டணும், அது எங்க தொழில்ல ஒரு சடங்கு, பொங்கலுக்கு கரும்பு மாதிரி. எவன் ஆரம்பிச்சானோ தெரியல, அவன் நல்லா இருக்கட்டும். ஒவ்வொரு சேனல்காரனும் போடுவான், முட்டை நுரைச்சிகினு பூரி மாதிரி உப்பும், கீழ "சுட்டெரிக்கும் சூரியன்"னு எழுத்து ஓடும். என் முட்டை மட்டும் உப்பாது. ஏன் உப்பாதுன்னா நான் நெஜமான ரோட்டுல உடைக்கிறேன். மத்தவன் எல்லாம் தகரத்த டீக்கடை அடுப்புல காய வெச்சி, எண்ணை தடவி, ரோட்டு மேல போட்டு, கேமராவ அதுக்கு மேல குனிய வெச்சிருவான். ரோட்டுல உடைச்சா முட்டை வேகாது சாமி, ஓரத்துல கொஞ்சம் வெள்ளையாகும், நடுவுல கொழகொழன்னு கெடக்கும், ரெண்டு ஈ வரும், ஒரு நாய் வந்து நம்ம மூஞ்சிய பாத்துட்டுப் போயிரும். அதையே அப்படியே போடுவேன். போட்டேன். வருஷா வருஷம் போட்டேன். "வேகாத முட்டை ஏகாம்பரம்"னு ஃபேஸ்புக்ல பேரே வெச்சிட்டானுங்க. கமெண்ட்ட நான் கொரல் போட்டே படிப்பேன், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கொரல், "முட்டையே வேகல, இதுல இன்னாடா வெயிலு", "கோழி கிட்டயே திருப்பிக் குடுத்துரு தலைவா", "வெயிலே டிவிக்காரன் கெளப்பிவிட்டதுதான்". சிரிப்பேன். உள்ள எங்கியோ ஒண்ணு நெஞ்ச நிமித்திக்கும். டேய், இத்தனை வருஷ சர்வீஸ்ல தகரம் வெக்காத ஒரே முட்டை என்னுதுடா. ஊருக்கும் அதே திமிரு. சாயங்காலம் அன்னிக்கி எந்த ஊருல எவ்ளோ வெயிலுன்னு லிஸ்ட்டு வரும், எங்க ஊரு மொத எடம் வந்துட்டா டீக்கடையில கிரிக்கெட்டு ஜெயிச்ச மாதிரி ஆயிருது, "கரூர தாண்டிட்டோம்பா, திருத்தணி நம்ம கிட்டயே வரல!" நானும் கத்துவேன். கத்தி முடிச்சதும் எனக்கே தோணும், இன்னாத்துக்குடா இந்த கப்பு, எதுக்குடா ஜெயிச்சோம்.

அதோ நிக்கிறா. கூட்ரோட்டு நடுவுல, சிக்னல் செத்துக் கெடக்கற கம்பத்துக்குக் கீழ, வெள்ளை சட்டை, காக்கி பேண்ட்டு, வாயில விசிலு. சுலோச்சனா, டிராஃபிக் ஏட்டு, எம் பொண்டாட்டி. கண்ண சுருக்கிகினு பாக்கறேன், காத்து அலையாடறதுல அவ உருவம் தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி நெளியுது, நெளியறது காத்தா அவளான்னு ஒரு நிமிஷம் தெரியல, கை தூக்கினா, லாரி நின்னுச்சு, சரி, காத்துதான். நேத்து சாயங்காலம் டூட்டி முடிச்சி வந்தவ சமையல்கட்டுல தண்ணி மோந்துகினு இருந்தா, சொம்பு விழற சத்தம் கேட்டுச்சு, சொம்புதானேன்னு நான் போன பாத்துகினே இருந்தேன், அப்பறம் அவ விழற சத்தம். ஒடம்பு தொட்டா இஸ்திரிப்பொட்டி. வேர்க்கல. அவ்ளோ வெயில்ல நின்னுட்டு வந்த பொம்பளைக்கு ஒரு சொட்டு வேர்வை இல்ல. அதான் பயமே. வேர்வை நின்னு போச்சுன்னா ஒடம்பு கைய விரிச்சிருச்சின்னு அர்த்தம், இத நான்தான் டிவில சொல்லியிருக்கேன், போன வருஷம் டாக்டரம்மாகிட்ட பேட்டி எடுத்தேன், அப்ப அது நியூஸு. ஈரத்துணி, ஐசு, மின்விசிறி, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு ஒரே அடம், உப்பு சர்க்கரை தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ஒரு வழியா கண்ணத் தொறந்து மொதல்ல கேட்டா, "குக்கர் அணைச்சியா?" காலையில பாத்தா யூனிஃபார்ம் போட்டுகினு நிக்கிறா. "லீவு போடு சுலோ." "போட்டா அந்த எடத்துல யாரு நிப்பா? வாயும் வயிறுமா இருக்கறவ ஒருத்தி இருக்கா ஸ்டேஷன்ல, அவள நிக்க வெப்பாங்க. நீ போயி நிக்கிறியா?" "அப்ப நான் டிவில சொல்றேன்." ஷூ மாட்டிகினு இருந்தவ தலைய தூக்கினா. "என்னை வெச்சி பேசாத. நான் ஒண்ணும் உன் முட்டை இல்ல." சொல்லிட்டு டக்குனு எழுந்து போயிட்டா. எங்க நிறுத்தணும்னு எனக்கே பாடம் எடுக்கறா.

அவ ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர். அவரு கெட்டவரு இல்ல, அதான் பிரச்சனை, கெட்டவனா இருந்தா சுலுவா இருக்கும். ஏட்டம்மாங்க நாலு பேரா சேந்து போயி கேட்டிருக்காங்க, சார், நடு ரோட்டுக்கு ஒரு குடை வெச்சுத் தாங்க, இல்லன்னா உச்சி நேரத்துல ஆள மாத்தி மாத்தி நிக்க வையுங்க. அவரு போன எடுத்து காட்டியிருக்காரு. எத? என் வீடியோவ. போன வாரம் போட்டது. "த பாரும்மா, உன் வீட்டுக்காரரே காட்றாரு, முட்டையே வேகல, மனுஷனா வெந்துருவான்?" ஸ்டேஷனே சிரிச்சிருக்குது. அந்தக் கொரலயும் நான் புடிச்சிட்டேன், கடைசியில மூக்கால ஒரு "ம்ம்?" வரும், அந்த "ம்ம்?"லதான் சிரிப்பே. வீட்டுல செஞ்சி காட்டினேன், சுலோ சிரிக்கல. அப்ப நீ இன்னா சொன்னேன்னு கேட்டேன். "இன்னா சொல்றது. வேகாததாலதான் சார் அது நெஜம்னேன்." அதோட எழுந்து போயி தட்டு கழுவிட்டா. இந்த ஒரு வரிய நான் எத்தனை தடவ மனசுல ஓட்டியிருப்பேன்னு தெரியல, சிரிச்சிகினு இருந்த அத்தன பேரு முன்னாடி ஒருத்தி எனக்காக நின்னு சொல்லியிருக்கா, என் ஃபாலோயரு எவனும் சொல்லல. ஆனா அதே முட்டையாலதான் அவளுக்கு குடை இல்ல. நான் நெஜத்த காட்டினேன், அந்த நெஜம் போயி அவ தலை மேல வெயிலா ஒக்காந்துச்சு. இது இன்னா நியாயம், இந்த எடத்துக்கு வந்ததும் என் புத்தி டயரு சேத்துல சுத்தற மாதிரி அங்கியே சுத்துது, முன்னாடியும் போவல, பின்னாடியும் போவல.

மைக்க கக்கத்துல இடுக்கிகினு போன எடுக்கறேன். எடுக்காதன்னு கை கிட்ட சொல்றதுக்குள்ள கை எடுத்துருது. எங்க ரிப்போர்ட்டர் வாட்ஸப் குரூப்ல வரிசையா விழுது, கரூர்காரன் தெர்மாமீட்டர் போட்டோ, திருச்சிக்காரன் செத்த கொக்கு, மதுரைக்காரன் "நாங்க மட்டும் சும்மாவா", கூடவே சிரிக்கிற பொம்மை. அடுத்தது ட்விட்டரு, அதுல வெயில் மேப்பு. நான் இந்த வேலைக்கு வந்தப்ப மேப்புல ரொம்ப சூடுன்னா ஆரஞ்சு. அப்பறம் செவப்பாச்சு. செவப்பு தீந்து போயி இப்ப ஊதா, ஊதாவும் பத்தாம கறுப்பு போடறான், இனிமே இன்னா கலருடா மிச்சம் இருக்குது. வடக்க ஒரு ரிப்போர்ட்டர் பொண்ணு எழுதியிருக்கு, வெயில்ல செத்தவங்க பேர எழுதி எழுதி எனக்கு என் பேரே மறந்து போச்சின்னு. அதுக்குக் கீழ ஒருத்தன், "நல்ல நடிப்பு". அத என்னால எந்தக் கொரல்லயும் படிக்க முடியல. தினமும் இதுதான், காலையில கக்கூசுல, பஸ்ல, பேட்டி குடுக்கறவன் சட்டை மாத்திகினு வர்ற நேரத்துல, மேப்ப பாக்கறது, பயப்படறது, அந்த பயத்துல ஒரு ஜோக்கு போடறது, ஜோக்குக்கு எவ்ளோ லைக்குன்னு பாக்கறது, லைக்கு வந்தா பயம் கொஞ்சம் எறங்குது, எறங்கினதும் மறுபடி மேப்பு. ஏறி ஏறி எறங்கற எறும்பு மாதிரி. எங்க டாக்டர்கிட்ட கேட்டேன், நெஞ்சு படபடங்குது டாக்டர்னு. "போன கீழ வைங்க"ன்னாரு. போன கீழ வெச்சா வெயிலு நின்னுருமா டாக்டர்னேன். அவரும் சிரிச்சாரு. நான் எது சொன்னாலும் சிரிக்கிறாங்க, இது ஒரு சாபம், நெருப்புன்னு கத்தினாக்கூட எவன் மாதிரி கத்தறான்னு பாப்பாங்க. ஸ்கிரீன் கறுப்பாச்சு. சூடு அதிகம், ஆறினதும் எடுங்கன்னு போனே எழுதி காட்டிட்டு கண்ண மூடிகிச்சு. அடப்பாவி, உனக்குக்கூட வெயில் தாங்கலன்னா வேலைய நிறுத்தற உரிமை இருக்குது. அங்க விசில் சத்தம் கேக்குது. ஒண்ணு. ரெண்டாவது கொஞ்சம் மெலிசா வருது. நேத்து அந்த சொம்பு விழுந்த சத்தம் எனக்கு ஏன் சொம்பா மட்டும் கேட்டுச்சு.

"அண்ணே." கலீல் பாய். என் கேமராமேன், ஊரு ஆம்பூரு, தலையில ஈரத் துண்டு, கேமராவுக்கு மேல இன்னொரு ஈரத் துண்டு. கொறடு ஒண்ணு புடிச்சிருக்கான், கொறட்டு வாயில கறுப்பா ஒரு தகரம், டீக்கடை அடுப்புல இருந்து நேரா வருது. நான் கேக்கல. கேக்கலன்னா, காலையில "இன்னிக்கி வேவணும் பாய்"னு மட்டும் சொன்னேன், அவனுக்கு அது போதும். பொறுமையா என் காலுகிட்ட ரோட்டுல வெச்சான், ரோட்டு கலருலயே இருக்குது, எவனுக்கும் தெரியாது. "எண்ணை தடவிட்டேன். உடைச்ச ஒடனே நுரைக்கும்." "பாய், இது பொய்யி." "எது பொய்? வெயிலு நெஜமா இல்லியா? நெஜம். ஜனத்துக்கு தெரியல. தெரியற மாதிரி காட்றோம். பிரியாணி போட்டோ எடுக்கறப்ப மேல நெய் தடவறோம் இல்ல?" "உங்க ஊரு பிரியாணிக்கு நெய் தடவறியா நீ?" "அய்யய்யோ, எங்க ஊருதுக்கு தேவையில்லண்ணே"ன்னு சொல்லிட்டு அவனே நாக்க கடிச்சிகினான். அப்பறம் கொரல எறக்கி, "அண்ணி நிக்கிறாங்கண்ணே. இன்னிக்கி ஒரு நாளு வெந்தா அந்தாளு வாய மூடுவாரு. ஒரு முட்டை. ஒரே ஒரு முட்டை." ஆமா. ஒரே ஒரு முட்டை. ஊரு பூரா வேக வெக்கிறான், எனக்கு மட்டும் இன்னா பெரிய கற்பு. வெந்துச்சின்னா வீடியோ பறக்கும், இன்ஸ்பெக்டரு பாப்பாரு, குடை வரும், அவ நிழல்ல நிப்பா. வேகலன்னா நாளைக்கும் சிரிப்பாங்க, அவ நாளைக்கும் நிப்பா, நாளைக்கு விழற சத்தம் ரோட்டுல கேக்கும், சொம்பு இல்லாம. இதுல யோசிக்க இன்னா இருக்குது. நிமிந்து பாக்கறேன், கூட்ரோட்டு நடுவுல இருந்து அவளும் பாக்கறா. கலீல் கையில கொறடு இருக்கறத பாத்துட்டா, போலீஸ்காரி கண்ணு, ஹெல்மெட்ட பெட்ரோல் டேங்க் மேல வெச்சிகினு வர்றவன மூணு வண்டி பின்னாடி கண்டுபிடிப்பா. தலைய ஆட்டல. மொறைக்கல. பாத்துட்டு மொகத்த திருப்பிகினு பஸ்சுக்கு கை காட்டினா. அந்தத் திருப்பு இருக்குது பாரு. ஸ்டேஷன்ல அத்தன பேரு முன்னாடி நெஜம்னு சொன்ன வாயி இப்ப விசில கடிச்சிகினு இருக்குது. நான் தகரத்துல உடைச்சா அவளும் பொய்காரியாயிருவா.

"ஏகாம்பரம், வர்றீங்க, இப்ப நெஜமாவே வர்றீங்க"ன்னு கேமரா ஒயருல ஜெரால்டு தும்மினான், ஒடனே அந்தப் பொண்ணு கொரலு, நியூஸ் வாசிக்கிற பொண்ணு, வார்த்தைக்கு வார்த்தை மேக்கப் போட்டு வரும், "வாட்டி வதைக்கும் வெயிலின் கொடூரத்தைப் படம்பிடித்துக் காட்ட நம்முடன் இணைகிறார் செய்தியாளர் ஏகாம்பரம், சொல்லுங்கள் ஏகாம்பரம், களநிலவரம் என்ன?" கலீல் கேமராவுக்குப் பின்னாடி இருந்து கண்ணால தகரத்த காட்றான். குனிஞ்சேன். முட்டைய தகரத்துக்கு நேரா கொண்டு போனேன், அந்தச் சூடு மொகத்துல அடிக்குது, கை ஒரு சாண் தள்ளிப் போச்சு, உடைச்சேன். தாருல. "சளக்"னு விழுந்து, வழக்கம் போல, கம்முனு கெடக்குது. காதுல ஜெரால்டு, "ஜூம் போங்க, ஜூம், வேகுதா?" "வணக்கம். இந்த முட்டை வேகாது"ன்னேன். எனக்கு டிவி தமிழ் நல்லா வரும், ஆனா வாயில வந்தது வீட்டு தமிழு. "நான் வருஷா வருஷம் உடைக்கிறேன், ஒரு வருஷமும் வேகல. வேகலன்னா வெயிலு கம்மின்னு சிரிக்கிறாங்க. முட்டை வேவணும்னா நூத்தி நாப்பது டிகிரிக்கு மேல வேணுங்க. மனுஷனுக்கு அவ்ளோ தேவையில்ல. உள்சூடு நூத்தி அஞ்சு வந்தா மூளை கலங்கிரும், வேர்வை நின்னுரும், விழுந்துருவான். முட்டை வேகறதுக்குள்ள மனுஷன் செத்துருவான். அதனால முட்டைய பாக்காதீங்க." நிறுத்தினேன். டிவில நிறுத்தக் கூடாது, ஒரு மூச்சு நின்னாலே லைன் போச்சின்னு அங்க அலறுவாங்க, காதுல ஜெரால்டு அலறறான், "ஆடியோ போச்சா? ஆடியோ போச்சா?" போவல ராஜா. நான்தான் நிறுத்தியிருக்கேன். நிறுத்தற எடம் எனக்குத் தெரியும். கலெக்டரு டம்ளர எடுத்து, குடிச்சி, கீழ வெக்கிற அளவுக்கு நிறுத்தினேன், இது வரைக்கும் எவன் கொரலோ இருந்த தொண்டையில எதுவுமே இல்ல, அப்பறம், "ரோட்ட பாருங்க"ன்னேன். கலீல் நான் சொல்லாமயே கேமராவ திருப்பினான். கிட்ட போவல, தூரமாவே வெச்சான், தார்ச்சட்டி தூக்கிகினு போற ரெண்டு பேரு, குழந்தை தலையில கர்ச்சீப் போட்டுகினு நிக்கிற ஒரு அம்மா, காலு மாத்தி மாத்தி நிக்கிற வடை தள்ளுவண்டிக்காரன், நடுவுல ஒரு சின்ன வெள்ளை சட்டை, கை தூக்குது, எறக்குது. யாருன்னு நான் சொல்லல. நீ முட்டை இல்ல சுலோ, உன் பேரு என் வாயில வரல. "இவங்க யாருக்கும் ஓடு கெடையாதுங்க"ன்னேன். "களத்திலிருந்து ஏகாம்பரம்."

"ஏகாம்பரம், முட்டை?"ன்னு மட்டும் கேட்டான் ஜெரால்டு. மூக்க உறிஞ்சிட்டு, "சரி, அடுத்து கரூர்"னு லைன வெட்டிட்டான். திட்டினானா, புரிஞ்சிதா, வேலை இருக்குதா, தெரியல. பாக்கலாம்னு போன எடுத்தா அது இன்னும் கண்ணத் தொறக்கல, எத்தன பேரு பாத்தான், எவன் சிரிச்சான், எவன் நடிப்புன்னான், எனக்குத் தெரியல, பல வருஷத்துல மொத தடவ தெரியாமயே நிக்கிறேன், நெஞ்சு படபடங்கல. கலீல் தகரத்த கொறட்டால தூக்கிகினு, "வீணா போச்சு எண்ணை"ங்கறான், மொகம் பூரா சிரிப்பு. அங்க விசிலு, நீளமா. சுலோ என்னைப் பாத்து கையால கூப்பிடறா, லைசென்ஸ் இல்லாம மாட்டினவன கூப்பிடற மாதிரி, ஓரங்கட்டு, வா. ஆட்டோ ரெண்டுக்கு நடுவுல நொழஞ்சி ஓடினேன். ஒதடு வெடிச்சிருக்குது, நெத்தியில, சாமி, வேர்வை இருக்குது, நல்லா சொட்டுது, எவ்ளோ அழகான வேர்வை. "உனக்கு அறிவிருக்குதா?" "உன் பேர சொல்லல." "சொல்லல. சட்டைய காட்டின." "தூரத்துல." இடுப்புல இருந்த வாக்கிடாக்கிய தட்டிக் காட்டினா. "இன்ஸ்பெக்டரு கூப்ட்டாரு. டீக்கடையில டிவி பாத்துகினு இருந்திருக்காரு போல. 'ஏட்டம்மா, இன்னிக்கி கொஞ்சம் ஓரமா வந்து நில்லுமா'ங்கறாரு. நாளைக்கு இன்னான்னு சொல்லல." "கடைசியில 'ம்ம்?' போட்டாரா?" "போடல"ன்னா. அந்த "போடல"ய சொன்னப்ப அவ மொகத்துல வந்தது இருக்குதே, அத நான் எவனுக்கும் செஞ்சி காட்ட மாட்டேன். "அப்ப வா, போலாம், பஸ் ஸ்டாப்பு நிழற்குடைக்கு." "நான் போனா வண்டிய எவன் பாப்பான், நீயா?" "அங்க இருந்தே பாரு." "அங்க இருந்தா? எல்லாரும் இங்க பாத்துதான் வருவானுங்க, பழக்கம்." சொன்னாளே தவிர காலு நவுந்துச்சு. ஒரு அடி எடுத்து வெச்சப்ப லேசா சாஞ்சா, நான் கைய நீட்டினேன், "ரோட்டுல புடிக்காத, யூனிஃபார்ம்ல இருக்கேன்"னு தட்டிவிட்டு அவளே நடந்தா, நெட்டுக்குத்தா, பின்னாடி கைகட்டிகினு நான். நிழற்குடைக்குள்ள போனதும் பெஞ்சியில இருந்த பொம்பளைங்க நவுந்து எடம் குடுத்தாங்க, ஒக்காரல, தூண புடிச்சிகினு திரும்பி நின்னா. அதுக்குள்ள தெற்க இருந்து டவுன் பஸ்சு வருது, மேக்க இருந்து செங்கல் லாரி வருது, ரெண்டும் நடுவுல அவ நிக்கிற எடத்த பாக்குது, அங்க வெறும் வெயிலு. சுலோ விசில வாயில வெச்சா. அந்த விசிலு, மெலிசு இல்ல, ஊரே காத பொத்தற விசிலு. பஸ் டிரைவரு அங்க பாத்தான், இங்க பாத்தான், நிழலுக்குள்ள இருந்து ஒரு வெள்ளைக் கை மட்டும் வெயில்ல நீண்டுகினு இருக்கறத பாத்தான், பிரேக்க மிதிச்சான். லாரி நின்னுச்சு, அது பின்னாடி ஆட்டோ நின்னுச்சு, பைக்குங்க நின்னுச்சு, மொத்த கூட்ரோடும் கழுத்த திருப்பி நிழல பாத்துகினு நின்னுச்சு, எம் பொண்டாட்டி போன்னு சொல்ற வரைக்கும்.